ஒன்பது ஜன்னல் ஸ்டேஷன்

ஒரு கட்டடத்தில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டியது யாருக்கும் தெரியாமல் மீதியை நிற்க வைப்பதுதான் அவள் தொழில். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் முழிப்பார்கள். பொம்மை ரயில் ஓட்டும் பெரிய மனிதர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. மொட்டை மாடியிலும் தோட்டத்திலும் வாடகைக் கூடத்திலும் தண்டவாளம் போட்டு, நரைத்த தலையோடு விசில் ஊதிக்கொண்டிருப்பார்கள். ரயிலைக் கடையில் வாங்கிவிடலாம். அது போய் நிற்க ஒரு ஸ்டேஷன் வேண்டுமே, கடக்க ஒரு பாலம் வேண்டுமே. அதுவும் கடையில் கிடைக்கிற மாதிரி இருந்தால் போதாது, தாங்கள் கண்ணால் பார்த்த அதே ஸ்டேஷன், அதே பாலம் வேண்டும். அப்படிப் பிடிவாதம் பிடிப்பவர்கள் அவளைத் தேடி வருவார்கள்.

நிஜத்தில் இருபத்திரண்டரை அடி என்றால் அவளிடம் ஒரு அடி. ஆள் மூன்று அங்குலம், கதவு நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பொம்மை ரயில் உலகத்தில் இதுவே ராட்சச அளவு. இந்தக் கணக்குப்படி ஒரு சுமாரான ஸ்டேஷனைக் கட்டினாலே பதினாறு அடி நீளும். பதினாறு அடியை யார் வீட்டில் வைப்பது? எட்டடி இடம் தருகிறேன், அதற்குள் முழு ஸ்டேஷனும் வர வேண்டும் என்பார்கள். அங்கேதான் அவள் கத்தியை எடுப்பாள்.

இந்த வேலைக்கு அவள் வைத்த பெயர் சுருக்குவது. அதற்குச் சில சட்டங்கள் உண்டு. பதினொரு வளைவு இருந்தால் ஏழாக்கலாம், எட்டாக்கக் கூடாது. ஒற்றைப்படையாக இருந்தால்தான் நடு என்று ஒன்று இருக்கும். இரண்டு ஓரங்களையும் நடுவையும் தொடக்கூடாது. இடையில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதைத் தாராளமாக எடுத்துவிடலாம், ஏனென்றால் பார்க்கிறவன் கண் ஓரத்தைப் பார்க்கும், நடுவைப் பார்க்கும், இடையில் இருப்பதை எண்ணிக்கொண்டிருக்காது. பதினான்கு வருடமாக இந்தச் சட்டம் அவளைக் கைவிட்டதில்லை.

அதற்கு முன்னால் அவள் ஒரு கட்டட அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் வரைபடம் போட்டாள். கட்டப் போகும் கட்டடத்தை அட்டையில் சின்னதாகச் செய்து காட்டுவதும் அவள் தலையில்தான் விழுந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் அவளையும் அவள் பலகையையும் ஒரே நாளில் வெளியே வைத்தார்கள். அவள் செய்த ஆஸ்பத்திரி மாடல் மட்டும் அலுவலக வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் மிச்சமிருந்தது. கிளினிக் கட்டுவது பற்றிப் பேச வந்த ஒரு பல் டாக்டர் அந்தப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். வந்த வேலையை மறந்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று விலாசம் கேட்டு வாங்கினார். அவர்தான் பொம்மை ரயில் சங்கத்தின் செயலாளர். அன்றிலிருந்து அவள் கை ஓயவில்லை.

சங்கத்துக்காரர்கள் அவளை அரை மில்லி என்று கூப்பிடுவார்கள், முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராகவே. "அரை மில்லி தள்ளியிருக்கு" என்று சொல்லி ஒரு முழுப் பாலத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டியவள் என்பதால் வந்த பெயர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. மகள் படித்துவிட்டு வேலைக்கு வெளியூர் போனபிறகு காலியான அறை அது. நீளமான மேஜை, இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், கூர் மழுங்காத கத்திகள், பசை ஏற்றிய ஊசிக் குழாய்கள். ஊசிக் குழாய் டாக்டர் தந்தது. ஒரு சுவருக்கு மூவாயிரம் செங்கல் என்றால் மூவாயிரத்தையும் ஃபோம் ஷீட்டில் ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் கீறுவாள். கடைசியில் தண்ணீராகக் கரைத்த கறுப்புச் சாயத்தைப் பூசி அழுக்கேற்றுவாள். புதிதாக இருந்தால் பொம்மை, அழுக்கு ஏறினால்தான் கட்டடம் என்பது அவள் கட்சி.

முடிக்காத வேலையை யாரும் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். புருஷனுக்கும் அது பொருந்தும். அவர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர். முப்பத்தொரு வருடம் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றார். வேலையில் இருந்தபோதும் சரி, ஓய்வுக்குப் பிறகும் சரி, சாயங்காலமானால் பின்னறை வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார். சில்லறை இல்லாமல் வந்தவன், ஊர் பெயரை மறந்துவிட்டு வரிசையில் நின்றவள், ரயில் போன பிறகு டிக்கெட் கேட்டு மல்லுக்கு நின்றவன் என்று அவரிடம் கதைக்குப் பஞ்சமே இல்லை. உள்ளேயிருந்து அவள் "ம்" என்பாள். ஒரு விதத்தில் பொருத்தமான ஜோடிதான். அவருக்குப் பேச வேண்டும், அவளுக்கு யாராவது பேசிக்கொண்டிருந்தால் கை நன்றாக ஓடும்.

அந்த ஸ்டேஷனைத்தான் இடித்தார்கள். புதிதாகக் கண்ணாடியும் இரும்புமாக ஒன்று எழும்பியது. அதற்குள் ஒரு கூடத்தை ரயில் சங்கத்துக்கு ஒதுக்கினார்கள், பழைய ஸ்டேஷனின் மாடலை வைத்து ரயில் ஓட்டிக் காட்டுவதற்கு. டாக்டர் வரைபடங்களையும் கட்டுப் புகைப்படங்களையும் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தார். கூடத்தில் பொம்மை ரயிலின் சுரங்க வாய்க்கும் சுவருக்கும் நடுவில் சரியாக எட்டடி. ரயில் பின்னால் ஓடும், தெருவைப் பார்த்த முகப்பு பார்வையாளர்கள் பக்கம் இருக்கும். முகப்பின் இடது ஓரத்தில் பார்சல் அலுவலகம், நடுவில் ஒன்பது டிக்கெட் ஜன்னல்கள், மேலே கடிகாரக் கோபுரம், வலது ஓரத்தில் நான்கு தூண் வைத்த ஸ்டேஷன் மாஸ்டர் அறை. ஒன்பதை ஐந்தாக்கினால் எட்டடிக்குள் அடங்கிவிடும் என்று அவள் ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள்.

ஸ்டேஷன் வேலை அவள் கைக்கு வந்தது என்று கேட்டதிலிருந்து அவள் புருஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பழைய ஜன்னல்காரர்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். "நம்ம ஸ்டேஷனை என் வீட்டுக்காரிதான் கட்டுறா" என்று, ஏதோ அவள் கல்லும் மண்ணும் சுமப்பதைப் போல, அதில் தினமும் ஒரு செய்தி போட்டார். திறப்பு விழாவுக்கு எல்லோரும் குடும்பத்தோடு வருவதென்று முடிவாயிற்று. அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது, அதை அவர் ஒளிக்கவும் இல்லை. தன் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒன்று எடுத்ததில்லை. வேலை நேரமெல்லாம் ஜன்னலுக்கு உள்ளே இருந்தார், வெளியே நிறுத்தி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போது கட்டடமே இல்லை.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது முகப்புச் சுவர் முடிந்து, அழுக்கும் ஏறி, மேஜைமேல் நின்றது. அவள் கதவைத் திறந்து, "இப்ப வந்து பாருங்க" என்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. குனிந்து, ஜன்னல்களுக்கு மேலே இருந்த எண் தகடுகளைக் காற்றில் விரல் வைத்துப் படித்தார்.

"ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, எட்டு, ஒம்பது." நிமிர்ந்தார். "ஏழு எங்க?"

"அதெல்லாம் சுருக்கினதுங்க. ஒம்பது வெச்சா இடம் பத்தாது. ஓரமும் நடுவும் இருந்தாப் போதும், பாக்கறவங்களுக்குத் தெரியாது."

"எடுத்ததெல்லாம் எந்தக் கணக்குல எடுத்த?"

"கணக்கு என்ன கணக்கு? மூணு, நாலு, ஆறு, ஏழு எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு."

"ஓ" என்றார் அவர். கொஞ்ச நேரம் செங்கற்களைப் பார்த்தார். "செங்கல்லு அப்படியே இருக்கு. நல்லா பண்ணியிருக்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் நாற்காலி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், விழாவுக்குத் தன்னால் வர முடியாது, அன்றைக்கு முழங்கால் வலி இருக்கும் என்று அறிவித்தார். பத்து நாள் கழித்து வரப்போகும் வலியை இப்போதே தெரிந்துவைத்திருந்த முழங்கால் அது.

அவள் லேசில் அசைந்து கொடுக்கிறவள் இல்லை. தொழில் தொழில்தான், அதில் சொந்தக்காரர் சிபாரிசு செல்லாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் வாசலில் பேச்சுச் சத்தம் இல்லாமல் கை ஓட மறுத்தது. பார்சல் அலுவலகக் கதவை வெட்டினாள், கோணியது. திரும்ப வெட்டினாள், திரும்பக் கோணியது. எரிச்சலில் மகளுக்குப் போன் போட்டு, உன் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு திரிகிறார் என்று புகார் சொன்னாள்.

மகள் முழுவதும் கேட்டாள். "அம்மா, ஏழுதான் அப்பாவோட ஜன்னல்னு உனக்குத் தெரியாதா?"

"நான் என்னத்தக் கண்டேன்? ஒம்பதுல ஏதோ ஒண்ணு."

"அப்பாவோட போன் லாக்கே ஏழு ஏழு ஏழு ஏழும்மா. பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக்கூடத் தெரியும். தினமும் உன் ரூம் வாசல்ல உக்காந்து, 'இன்னைக்கு ஏழுல என்னாச்சு தெரியுமா'ன்னுதானே ஆரம்பிப்பார்?"

"கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"கேட்டுக்கிட்டு இருந்த. காதுல வாங்கல."

போனை வைத்த பிறகு அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அரை மில்லி தப்பு என்றால் தூக்கம் வராதவள், கட்டிய புருஷனையே அளவெடுக்காமல் வெட்டி எறிந்திருக்கிறாள். அதற்கு அவரிடம் விளக்கம் வேறு சொல்லியிருக்கிறாள்.

கூடத்தில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நின்றாள். "எட்டாம் நம்பர் தகட்டை எடுத்துட்டு ஏழுன்னு எழுதிடறேன். பத்து நிமிஷ வேலை."

"எட்டுல இருந்தவங்க போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு" என்றார் அவர், பேப்பரை இறக்காமல். "அவங்க வீட்டுக்காரர் வர்றார். வந்து எட்டைத்தான் தேடுவார்."

"சரி, ஏழை மட்டும் இடையில சேர்க்கறேன்."

"அப்ப நாலுல இருந்தவன் என்ன பாவம் பண்ணான்? மூணு? ஆறு? என் பொண்டாட்டி கட்டினா, என் ஜன்னல் மட்டும் இருக்கு. நல்லா இருக்கும், ஊரே சிரிக்கும்." பேப்பரை மடித்தார். "விடு. அஞ்சு ஜன்னல் பாக்க அழகாத்தான் இருக்கு."

அவள் விடவில்லை. வாசலுக்கு வெளியே போடும் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டறைக்கு உள்ளே, மேஜைக்குப் பக்கத்தில் போட்டாள். "வந்து உக்காருங்க. மூணாம் நம்பர் எப்படி இருக்கும்?"

"அதான் எல்லாம் ஒரே மாதிரின்னு வரைபடத்துல இருக்கே."

"வரைபடம் கிடக்கு. நீங்க சொல்லுங்க."

அவர் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டார். பிறகு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் நிறுத்த முடியவில்லை. மூன்றில் கீழ்க் கண்ணாடி விரிசல் விட்டு, குறுக்கே டேப் ஒட்டியிருக்கும். நான்கில் கம்பி ஒன்று வெளிப்பக்கம் வளைந்திருக்கும், கையை உள்ளே விட்டு மாட்டிக்கொண்ட ஒருவனை இழுத்தபோது வளைந்தது. ஆறில் எப்போதும் பாதிப் பலகை மூடியே இருக்கும், அங்கே இருந்தவருக்கு வெயில் ஆகாது. அவள் எதையும் "ம்" சொல்லிக் கடத்தவில்லை. விரிசல் எந்தப் பக்கம், கம்பி மேலிருந்து எத்தனையாவது என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

"ஏழு?"

"ஏழு வெறும் ஏழுதான். கீழ ஒரு செங்கல் கிடக்கும். குள்ளமானவங்க ஏறி நிக்கறதுக்கு. காலைல பெருக்க வர்றவர் எடுத்துட்டுப் போயிடுவார். மத்தியானத்துக்குள்ள திரும்ப வந்துடும். யார் கொண்டாந்து போடறாங்கன்னு முப்பத்தொரு வருஷத்துல என்னால கண்டுபிடிக்க முடியல."

அவள் பத்து மில்லி நீளத்துக்கு ஒரு செங்கல் வெட்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இவ்வளவு இருக்குமா?"

"இன்னும் கொஞ்சம் மூளி" என்றார் அவர்.

ஒன்பது ஜன்னலும் வருவதென்று ஆயிற்று. நான்கு ஜன்னலுக்கு இருபது அங்குலம் வேண்டும். எட்டடியை இழுத்து நீட்ட முடியாது. பார்சல் அலுவலகத்தைக் குறைத்தால் வண்டி நுழையும் வாசல் போய்விடும். கோபுரத்தில் கைவைக்க முடியாது. அவள் ஸ்கேலை எடுத்து ஸ்டேஷன் மாஸ்டர் அறையை அளந்தாள். தூண்களோடு சேர்த்து இருபது அங்குலம். அரை மில்லி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

விஷயம் தெரிந்து டாக்டர் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். மாடல்களின் உள்பக்கம் பார்ப்பதற்குப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவர் அவர். அதை எடுக்கக்கூட மறந்துவிட்டார்.

"அம்மா, அந்த ஸ்டேஷன் மாஸ்டர்தான் வந்து திறந்து வைக்கறார்! தேதி குடுத்துட்டார்!"

"வரட்டும்."

"ஓரத்தைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே எங்களுக்குப் பாடம் எடுப்பீங்க? இது ஓரம்."

"ஓரம்தான்."

"அவர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன். நீங்க பல்லு பிடுங்கறப்போ பக்கத்துப் பல்லுகிட்டயா கேக்கறீங்க?"

டாக்டர் கையைப் பிசைந்துகொண்டே போனார். ஒன்பது நாளில் அவள் முகப்பை அறுத்து, நான்கு ஜன்னலைச் சேர்த்து, வலது ஓரத்தை வெறும் மதில் சுவராக முடித்தாள். நாற்காலி உள்ளேயே கிடந்தது. விழாவன்று காலையில் அவர் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, முதல் ஆளாகக் குளித்துக் கிளம்பி நின்றார்.

கூடத்தில் மாடலுக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி கட்டியிருந்தார்கள். ஜன்னல்காரர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். வந்தவுடன் கும்பிடு, குசலம் எதுவும் இல்லை, ஆளாளுக்குத் தன் நம்பரைத் தேடி ஓடினார்கள். "டேய், என் கம்பி வளைஞ்சிருக்குடா!" என்று நான்காம் நம்பர் கத்தியதில் காவலாளி எட்டிப் பார்த்தார். எட்டாம் நம்பர் அம்மாவின் வீட்டுக்காரர் மட்டும் எட்டுக்கு நேராக நின்றுகொண்டார், அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் கைத்தடியோடு வந்தார். ரிப்பன் வெட்டினார். ரயில் ஒரு சுற்று வந்து விசில் ஊதியது, எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மாடலை இடதிலிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வந்து, வலது ஓரத்தில் நின்றார். திரும்ப ஒருமுறை பார்த்தார்.

"என் ரூம் எங்க?"

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னல்காரர்கள், பழைய பழக்கத்தில், இரண்டடி பின்வாங்கினார்கள்.

அவள் முன்னால் வந்தாள். பாக்கறவங்களுக்குத் தெரியாது என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது, அதை விழுங்கினாள். "இடம் பத்தல சார். ஒண்ணை எடுத்தாத்தான் இன்னொண்ணு வரும். உங்களதை எடுத்துட்டேன். எடுத்தது நான்தான்."

"பதினோரு வருஷம் அங்க உக்காந்திருந்தேன்."

"தெரியும் சார். மன்னிச்சுக்குங்க."

கிழவர் கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஜன்னல்களுக்கு நேராக வந்தார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை குனிந்து குனிந்து, அவசரமில்லாமல் பார்த்தார். ஏழில் நின்று, "இந்தச் செங்கல் என்னது?" என்று கேட்டார்.

"குள்ளமானவங்க ஏறி நிக்கறதுக்கு சார்" என்றார் அவள் புருஷன்.

"நீ யாருப்பா?"

"ஏழு சார்."

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நான் பின்பக்கமா வந்து பின்பக்கமாவே போயிடுவேன். முன்பக்கம் வந்து நின்னதே இல்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கித்தான் போயிற்று. பிறகு எட்டுக்குப் போனார்.

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளும் அந்த ஜன்னல் பக்கம் போனதில்லை. எங்கே போவதென்றாலும் டிக்கெட்டை அவரே கையோடு கொண்டுவந்துவிடுவார். அவள் நேராக ரயிலில் ஏறுவாள். அந்த வரிசையில் ஒருநாள் நின்றிருந்தால் போதும், தலைக்கு மேல் ஏழு என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டிருக்கும். வரைபடம் இருந்தது, புகைப்படம் இருந்தது, கட்டடமும் முப்பத்தொரு வருடம் நின்றுகொண்டுதான் இருந்தது.

டாக்டர் போனைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்க ஆரம்பித்திருந்தார். ஆறு முடிந்து ஏழின் முறை வந்தது. அவள் புருஷன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார், கூட வந்து நிற்கச் சொல்லி அவளுக்குக் கைகாட்டினார். அவள் போய்ப் பக்கத்தில் குனிந்தாள்.

"முப்பத்தொரு வருஷத்துல நான் ஒரு தடவகூட இங்க வந்ததில்லைங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"அதான் இப்ப வந்துட்டியே" என்றார் அவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லு, நம்பர் மறையுது."

அவள் தள்ளி நின்றாள்.